ஏழாம் ஓடத்திலிருந்து யாரும் இறங்கக் கூடாது

1. முதல் நாள்

தொலைக்காட்சித் தொடரை ஒட்டி நாவல் எழுதுகிற வேலை தமிழில் இருப்பது பலருக்குத் தெரியாது. நான் அதைத்தான் செய்துவந்தேன். 'ஏழாம் ஓடம்' தொடரை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருப்பீர்கள். சூரிய மண்டலத்துக்கு வெளியே தூக்கியெறியப்பட்ட ஒரு விண்கலம். அதில் ஏழு பேர். பூமிக்குத் திரும்ப வழி தேடுகிறார்கள். என் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்தில் ஆரம்பித்த தொடர் அது. டிவியில் வராத அவர்களுடைய சாகசங்களைப் புத்தகமாக எழுதுவது என் வேலை. எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் வீட்டிலிருந்தபடியே எழுதினேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்கள் கேட்டதால் இந்தக் குறிப்பு.

முதல் நாள் சென்னை அலுவலகத்தில் என்னை உட்காரவைத்துப் பேசியவர் சுதா. கதை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியூட்டி எடிட்டர். ஸ்பைரல் போட்ட தடித்த கட்டு ஒன்றைக் கொடுத்தார். ஓடத்தின் அறைகள், ஏழு பேரின் சொந்த ஊர், யாருக்கு எந்தக் கையில் தழும்பு, எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் பைபிள்.

"ரூல் சிம்பிள் மேடம். பக்கத்து வீட்ல பாத்திரம் வாங்குனா, சமைச்சிட்டு கழுவித் திருப்பிக் குடுப்போம்ல, அதான். நடுவுல என்ன வேணா பண்ணுங்க. கடைசிப் பக்கத்துல ஏழு பேரும் இருந்த மாதிரியே இருக்கணும். சாகக் கூடாது, கல்யாணம் பண்ணக் கூடாது. முக்கியமா, யாரும் ஊருக்குப் போய்ச் சேரக் கூடாது. போய்ட்டா நமக்கெல்லாம் வேலை போச்சு."

கட்டோடு வீடு திரும்பியபோது என் கணவர் வாசலில் நின்று சிரித்தார். "ஏம்மா, மெட்ராஸுக்குப் போயி பைபிளோட வந்து நிக்கிற. பள்ளிவாசல்ல கேட்டா நா என்னத்தச் சொல்ல?"

மூன்று நாவல்கள் அந்த விதிப்படி எழுதினேன். கடினமான விதி என்று அப்போது தோன்றவில்லை.

2. சமையல்காரன்

என் மகன் இர்பான் கப்பல் படிப்பு முடித்து, ஏஜென்ட் மூலமாக ஒரு சின்ன எண்ணெய்க் கப்பலில் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போவது புதிதல்ல, யாரும் பயப்படவில்லை. நான் நான்காவது நாவலைத் தொடங்கியிருந்தபோது, வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே அந்தக் கப்பல் நங்கூரம் போட்டது. சரக்கு இறங்கிவிட்டது. அதன்பின் முதலாளி ஃபோனை எடுக்கவில்லை. சம்பளம் நின்றது, பிறகு டீசல் நின்றது, பிறகு சாப்பாட்டுச் சாமான் நின்றது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இறங்க அனுமதியில்லை. துறைமுகப் படகு எப்போதாவது கொண்டுவரும் அரிசி, தண்ணீர், ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி, இவற்றை வைத்துத்தான் பிழைப்பு. இப்படிக் கைவிடப்பட்ட கப்பல்கள் நிறைய உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காற்றுக்குக் கப்பல் திரும்பி, அவன் நிற்கும் பக்கம் கரையைப் பார்த்தால் சிக்னல் வரும். அப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான்.

"உம்மா, நா நல்லாத்தான் இருக்கேன். வாப்பாட்டச் சொல்லுங்க. இங்கன பொழுதுதான் போக மாட்டேங்குது. எழுதுன வரைக்கும் அனுப்புங்களேன். பிரதான் பாய்க்கு இந்தியில சொல்றேன்."

பிரதான் பாய் என்பவர் ஒடிசாக்காரர், கப்பலின் சமையல்காரர். நான் அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினேன். ஒருநாள் பதில் வந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"உம்மா, பாய் ஒண்ணு கேக்குறாரு. இத்தன வருசமா அந்த ஏழு பேரும் என்னத்தத் தின்னாங்களாம்? சமையக்காரன மட்டும் ஒங்க உம்மா பூமியிலயே விட்டுட்டு வந்துட்டாங்களான்னு கேக்குறாரு."

உண்மைதான். பைபிளில் எஞ்சின் அறைக்கு நாலு பக்கம் இருந்தது, அடுப்படிக்கு ஒரு வரிகூட இல்லை. சுதாவைக் கூப்பிட்டு, ஓடத்தில் ஒரு சமையல்காரரைச் சேர்க்கலாமா என்றேன்.

"குக்கெல்லாம் முடியாது மேடம். ஆக்டர் இல்லாம ஆள் போட முடியாது."

"முகம் வேண்டாம்மா. அடுப்படிக்குள்ளேயிருந்து குரல் மட்டும்."

"குரல் மட்டும்னா... சரி. ஆனா புக் முடியறதுக்குள்ள அந்தக் குரல் நின்னுடணும்."

அந்தக் குரலுக்கு நான் எழுதிய வசனங்களெல்லாம் பிரதான் பாய் பேசியவைதான். எதிரிக் கலங்களைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயத்தைப் பற்றியே பேசியது.

3. மனு நாள்

கணவரும் நானும் ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போனோம். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"கப்பல் எந்த நாட்டுக் கொடிங்க?"

கணவர் சொன்னார். நாங்கள் இருவரும் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு தீவு.

"ஓனர்?"

"எடுக்க மாட்டேங்குறாருங்க."

"ஏஜென்ட்?"

"ஆபீஸ் பூட்டிக் கெடக்குங்க."

"மேல அனுப்புறோம்மா. வேற நாட்டு எல்ல, கொஞ்சம் டயமாகும்."

வெளியே வரிசையில் நின்ற உப்பூர்க்காரப் பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து, "அக்கா, ஓடம் கதை எழுதுறது நீங்கதான? பொஸ்தகத்துப் பின்னால ஒங்க படம் இருக்கு. எங்க வீட்ல எல்லாரும் படிப்போம். அவுக எப்பக்கா ஊருக்கு வருவாக?" என்றாள்.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசகர்கள் கேட்கிற கேள்விதான். வழக்கமாகச் சிரித்துச் சமாளிப்பேன். அன்று கையிலிருந்த மனு ரசீதை மடிக்கத் தொடங்கினேன். கணவர்தான், "வருவாங்கம்மா, துஆ செய்யுங்க" என்றார். கதைக்கு எதற்குப் பிரார்த்தனை என்று அவள் விழித்தாள்.

அந்த மாதமே துறைமுகத்தார் படகு அனுப்பிக் கப்பல்காரர்களை இறக்கினார்கள். எல்லோரையும் அல்ல. நங்கூரத்தில் நிற்கும் கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாது என்பது அங்கே சட்டம். மாற்று ஆளை முதலாளி அனுப்பும்வரை இருவர் இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் போகட்டும் என்று இர்பான் இருந்துகொண்டான். குடும்பம் இல்லாத பிரதான் பாயும் இருந்தார். செய்தி கேட்டு என் கணவர் ஃபோனில் கத்தினார். "ஏலே, ஒன்னய யாருலே இருக்கச் சொன்னது? ஒனக்குப் புள்ள இல்லேன்னா எனக்கும் இல்லையாலே?"

பிறகு பிரதான் பாய்க்கு மஞ்சள் காமாலை வந்தது. படகு அவரையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டாவது ஆளை யாரும் அனுப்பவில்லை.

4. இறக்கலாம்

இர்பான் தனியாக ஆன பிறகு என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. அந்த நேரத்தில்தான் சுதா கூப்பிட்டார். குரலில் அப்படியொரு உற்சாகம்.

"மேடம், சேனல்ல முடிவு பண்ணிட்டாங்க. இந்த வருஷத்தோட தொடர் முடியுது. ஏழு பேரையும் ஊருக்குக் கொண்டு வந்துடறோம். உங்க நாவல்தான் கடைசி. இறக்கிடலாம் மேடம்!"

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். இத்தனை வருடம் தடுத்துவைத்திருந்ததை எழுதினேன். கலம் கடலில் விழுகிறது. கரையில் சனம். கேப்டன் யாழினி மண்ணில் கால் வைத்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அவளுடைய அம்மா ஓடி வருகிறாள். நான் எழுதியதில் நல்ல அத்தியாயம் அதுதான். திருத்தாமலே இர்பானுக்கு அனுப்பினேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்.

"உம்மா, வாசிச்சேன். நல்லா இருக்கு. ஆனா இத வச்சிக்கிற மாட்டேன். அழிச்சிட்டேன். கோவிச்சுக்கிறாதீங்க. பாயும் போனதுக்கப்புறம் சாயங்காலம் மெஸ்ஸுல உக்காந்து பழைய அத்தியாயத்தச் சத்தம் போட்டு வாசிப்பேன். யாழினி குரல் வேற, எஞ்சினியர் குரல் வேற மாதிரி. அவங்களும் எறங்கிப் போயிட்டா இங்கன நா மட்டுந்தான உம்மா இருப்பேன்? இன்னம் கொஞ்ச நாளைக்கு அவங்க இருக்கட்டும்."

கணவரும் கேட்டார். எழுந்து தொழப் போய்விட்டார். நான் அதை மறுபடி போட்டுக் கேட்டேன்.

சுதாவைக் கூப்பிட்டு நாவலை எழுத முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"மேடம், நீங்க எழுதலேன்னா வேற ஆள் எழுதுவாங்க. டிவிலயும் வந்துடுமே."

"வரட்டும் சுதா. அவனுக்கு அங்கே டிவி இல்லை."

தொடர் முடிந்துவிட்டது. ஏழு பேரும் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. தெருவில் இனிப்புக்கூடக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. கப்பலை ஏலம் விட்டால்தான் இர்பானை விடுவார்கள் என்கிறார்கள். ஏலத்துக்கு வழக்கு முடிய வேண்டும் என்கிறார்கள். வழக்குக்கு முதலாளி வர வேண்டும் என்கிறார்கள். முன்னெல்லாம் மெசேஜ் பெரிதாக இருக்கும். இப்போது சில நாட்களில், "பக்கம் வந்துச்சு உம்மா" என்று மட்டும் சொல்கிறான்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். முடிவு எழுதுவதற்கு முன்னால், அதை வாசிக்கிறவர் எங்கே உட்கார்ந்து வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர் முழுக்க விரும்பும் முடிவு ஒரே ஒருவனைக் கொன்றுவிடக்கூடும். எனக்கு என் வாசகன் உட்கார்ந்திருக்கும் இடம் தெரியும். அதனால் தினம் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன். அதில் எஞ்சின் பழுதாகும், சரியாகும், மறுபடி பழுதாகும். யாரும் இறங்க மாட்டார்கள். எத்தனை நாளைக்கு இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.