வெளுத்த தண்ணீர்

தொட்டியருகே உட்கார்ந்தாலே அவளுக்குக் கண் சொக்கும். சாயப்பட்டறையை மூடி எத்தனையோ வருஷமாகியும் தெருக் கிணற்றில் நீலம் போகவில்லை. அந்தத் தண்ணீரை எஃகுத் தொட்டிக்கு இறைத்து, காதுக்கு எட்டாத ஒலியை அதற்குள் செலுத்தி, பிறகு தெருக்குழாய்க்குத் திறந்துவிடுவது அவள் வேலை. ஒலி கேட்காது, தண்ணீர் மட்டும் 'உஸ்ஸ்' என்று சீறும். பொடிக் குமிழிகள் பிறந்து பிறந்து வெடிக்க, வெடிக்கும் புள்ளியில் மட்டும் கணநேரம் எழும் சூட்டில் சாயம் உடையும். ஊரார் வைத்த பெயர் குமிழியக்கா.

"வீட்ல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. தொட்டி முனகினா எந்திரிச்சு ஓடுவா" என்பார் புருஷன்.

நீலம் கரைந்து கரைந்து வெறும் வெளிச்சமாவதைப் பார்த்தபடி அவள் விழித்துக்கொண்டே கனவு காண்பாள். கனவில் அதே தெருவிலிருக்கும் தங்கச்சி வீட்டு வாசல் குழாய் கலகலவென்று கொட்டும்; தங்கச்சி மகள் அதில் நனைந்து கூத்தடிப்பாள்.

போன வருஷமும் இப்படித்தான் சொக்கிப்போய், நிறம் போனதும் திறந்துவிட்டாள். உடைந்த துண்டுகளுக்கு நிறமில்லாவிட்டாலும் விஷம் உண்டே! வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பினாள், படுபாவி. அதில் குளித்த தங்கச்சி மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அன்றோடு தங்கச்சி பேச்சை நிறுத்தினாள். மூடிய குழாயை இன்றுதான் மறுபடி திறக்கப்போகிறார்கள்.

"கண்ணாடியாட்டம் இருக்கேம்மா, திறந்து விடு. தெருவே வாளியோட நிக்குது" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். சீறல் அமுங்கியிருந்தது. தொட்டியைத் தொட்டால் சுட்டது. குளிரவைக்கும் பம்ப் எப்போதோ நின்றிருக்கிறது. தண்ணீர் சூடேறினால் குமிழிக்கு வீரியம் போய்விடும்.

"நிறம்தான் போயிருக்கு சார், விஷம் பாதிதான் உடைஞ்சிருக்கு. ஆறவெச்சு மறுபடி ஓட்டணும்."

"அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நானே சொல்றேன் சார்."

பம்பைத் தட்டி ஓடவைத்துவிட்டு, ஒரு வருஷமாகத் தொடாத எண்ணுக்குப் போன் செய்தாள்.

"நான்தான்டி. இன்னைக்குத் தண்ணி பிடிக்காத. தெளிவாத்தான் இருக்கு, ஆனா வேணாம்."



"அன்னைக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் தங்கச்சி.

பின்னால் தொட்டி உஸ்ஸென்று சீற ஆரம்பித்தது. முதல்முறையாக அவள் அதன் பக்கம் ஓடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சொல்லுடி, பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.