அக்கா கேட்கக் கூடாத கேள்வி

டெலேசியாவுக்கு உட்காரத் தெரியாது. படகுத்துறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். வாவாவுத் தீவுக்குப் போகிற கப்பலில் யார் ஏறலாம், யாருடைய பன்றி ஏறக் கூடாது என்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடந்தபடியே கத்த வேண்டும். அந்த வேலைக்காகவே பெற்றுப்போட்ட மாதிரி இருந்தாள். புருஷன் மூன்று வருஷமாக ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிறான். அவன் போனில் பேசும்போதுகூட இவள் வீட்டுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டுதான் இருப்பாள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்த பாவம் பெட்டெலோவைச் சேரும். தலைநகர் நுகுஅலோஃபாவில் ஆம்புலன்ஸ் அறைக்குப் பெரியவர் அவர். துறைமுகத்தில் ஒரு நாள் ஒருவர் மயங்கி விழுந்தார். டெலேசியா ஒலிபெருக்கியிலேயே கூட்டத்தை விலக்கிவிட்டு, போனில் எந்தக் கேட் வழியாக வர வேண்டும், ஆளுக்கு மூச்சு இருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்காமலே எல்லாம் சொன்னாள். மறுநாள் பெட்டெலோ தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"பன்னிகளுக்குச் சொல்ற புத்தியை மனுசங்களுக்குச் சொல்லேன்மா. மூணு மாசம் பழகிப் பாரு. தேறினா வேலை, தேறலைன்னா உன் கப்பல் எங்கேயும் ஓடிப் போயிடாது."

வேலை என்னவோ பார்க்கச் சுலபம்தான். போன் அடித்தால் எடுக்க வேண்டும். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்க வேண்டும். எங்கள் ஊர்களில் வீட்டு எண் கிடையாது. வேதக்கோயிலைத் தாண்டி, பலாவுக்குத் தம்பி மாதிரி இருக்கிற அந்த ஈரப்பலா மரத்தைத் தாண்டி, பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்த வீடு என்று பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் அட்டையில் எழுதியிருக்கிற கேள்விகளை, எழுதியிருக்கிற வரிசையில் கேட்க வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை போனில் இருக்கிறவரின் கையையும் காலையும் இங்கிருந்தபடியே நகர்த்த வேண்டும். வண்டி சேர்ந்ததும் அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிடுவார்கள். பிழைத்தாரா போனாரா என்று யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. முதல் வாரம் டெலேசியாவுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. காதில் மாட்டிய கருவியின் ஒயர் எட்டுகிற தூரம்தான் எழுந்து நடக்கலாம். கட்டிப் போட்ட ஆடு மாதிரி அந்த ஒயருக்குள்ளேயே வட்டம் போட்டாள்.

"உன் கால்ல யாரு வெந்நீரை ஊத்தினது?" என்பார் பெட்டெலோ.

"நீங்கதான்."

மூன்றாவது வாரம் அவள் செய்த தப்பை எங்கள் ஆட்கள் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ஒரு பையன் கூப்பிட்டான். இருபது வயசுக் குரல். "எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லை" என்றான்.

"என்ன செய்யுது?"

"சரியில்லை."

"வலியா, ரத்தமா?"

"எங்க அக்காவுக்கு" என்றான் மறுபடியும். டெலேசியாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. எங்களில் அக்கா தங்கையும் அண்ணன் தம்பியும் பெரியவர்கள் ஆனபின் ஒரு கூரையின் கீழ் உறங்குவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து சினிமா பார்ப்பதில்லை. அக்கா உள்ளே வந்தால் தம்பி எழுந்து வெளியே போவான். உடம்பைப் பற்றிய பேச்சு, அதுவும் பெண்ணுடம்பைப் பற்றிய பேச்சு, அவர்களுக்கு நடுவில் வரவே கூடாது. பையன் சொல்ல மாட்டான், அவனைச் சொல்லவைப்பது அசிங்கம் என்று நல்ல குடும்பத்துப் பெண்ணாக அவள் கேட்பதை விட்டுவிட்டாள். 'வயிற்றுவலி' என்று எழுதினாள். வண்டி வேறொரு வேலையை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் போனது. போனபோது அந்தப் பெண் கரு கலைந்து, ரத்தத்தில் நினைவில்லாமல் கிடந்தாள்.

அவள் பிழைத்தாள். "அது அவ ஆயுசு கெட்டி. உன் கெட்டிக்காரத்தனம் இல்லை" என்றார் பெட்டெலோ. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்த நாற்காலியில நீ யாருக்கும் அக்கா இல்லை, யாருக்கும் மக இல்லை. மரியாதை பார்த்து இன்னொரு கேள்வியை முழுங்கினா நீ கப்பலுக்கே போயிடு. அங்க நீ யாரையும் கொல்ல மாட்டே."

டெலேசியா வெட்கத்தில் வெந்தாள். அன்றிலிருந்து நாக்கைப் பழக்கினாள். வீட்டில் கோழிகளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். ரத்தம் எவ்வளவு? எங்கேயிருந்து? கடைசியாக மாதவிலக்கு ஆனது எப்போது? இரண்டாம் மாதத்தில் யாரிடமும் எதையும் கேட்பாள் என்று பெயர் வாங்கிவிட்டாள். ஒரு கோயில் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டவர், பழக்கதோஷத்தில் தெய்வத்துக்கும் அரசருக்கும் வணக்கம் சொல்லித் தொடங்கினார்.

"ஐயா, அவங்க எல்லாரும் சௌக்கியம். உங்களுக்கு வலி தோள்பட்டைக்கு ஏறுதா, அதைச் சொல்லுங்க."

பெட்டெலோ சிரித்து மாளவில்லை. டெலேசியாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஊரான் வீட்டுத் தம்பியிடம் கேட்டுவிடலாம். இனோகேயிடம்?

இனோகே அவள் கூடப்பிறந்த ஒரே தம்பி. கொலோங்காவில், ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தோட்டத்தை ஒட்டி வீடு. வருஷத்தின் முதல் வள்ளிக்கிழங்கை அக்காவுக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்பான். "சாப்பிட்டேன்" என்பாள். இருபது வருஷமாக இதுதான் அவர்கள் பேச்சு. இதில் குறை ஒன்றுமில்லை. அவனுக்கு அவள்மேல் உயிர். அவன் பெண்டாட்டி ஃபூசி உண்டாகியிருப்பதை அவன் சொல்லவில்லை, எப்படிச் சொல்வான்? ஃபூசியே வந்து வயிற்றைக் காட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து டெலேசியா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் எண் இந்தத் தீவுக்கே ஒன்றுதான். எடுக்கிறவர்கள் மூன்று பேர்தான். அவன் கூப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு அவள் காதில்தான் வந்து விழும்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் ஞாயிறு தெரியுமே, கடை இல்லை, கப்பல் இல்லை, நாய்கூடக் கோயிலில் ஆராதனை முடிகிறவரை குரைக்காது. மேற்குப் பக்கம் ஒரு வண்டி போயிருந்தது. அதில் உதவிக்கு ஆள் இல்லையென்று பெட்டெலோவே ஏறிப் போயிருந்தார். டெலேசியா தனியாக இருந்தாள். ஜன்னல் வழியாகக் கோயில் பாட்டு வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

"ஆம்புலன்ஸ். எந்த ஊரு?"

அந்தப் பக்கம் ஒரு ஆண் மூச்சிரைத்தான். பிறகு, "அங்க வேற யாராவது இருக்காங்களா?"

அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. "யாரும் இல்லை, இனோகே. நான்தான்."

அவன் வைத்துவிட்டான்.

கோபம் வந்தது பாருங்கள் அவளுக்கு. கொலோங்காவுக்கு இன்னொரு வண்டியைக் கிளப்பிவிட்டாள், அதற்குக் கேள்வி எதுவும் தேவையில்லை. வெறும் சாலையில் பறந்தாலும் அரைமணி நேரம். தம்பி எண்ணுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எழுந்தாள், ஒயர் இழுத்தது, உட்கார்ந்தாள், எழுந்தாள். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். தம்பி இனி முகத்தில் விழிக்க மாட்டான்.

மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் ஃபூசி அலறுவது கேட்டது.

"அக்கா, வண்டியை மட்டும் அனுப்புங்க. போதும்."

"அனுப்பியாச்சு. மாமியார் எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க. எல்லாரும் போயிருக்காங்க. வெச்சுடறேன்."

"வெச்சேன்னா பாரு! நான் டெலேசியா. உனக்கு அக்கா. பொறக்கப் போற பிள்ளைக்கு அத்தை. நம்ம முறைப்படி அந்தப் பிள்ளைக்கு அப்பனைவிட அத்தைதான் பெரியவ. என்னை மீறி யாரும் உண்டா, சொல்லு."

"இல்லை."

"அப்ப நான் சொல்றதைச் செய். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. தலை தெரியுதா?"

கோயில் பாட்டு ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்கியது.

"இனோகே, அவ காலுக்கு நடுவுல பாரு. தலை தெரியுதா?"

சொல்லிவிட்டாள். காது மடல்கூட எரிந்தது. கூரை இடிந்து விழவில்லை.

"தெரியுது" என்றான். அழுதுகொண்டிருந்தான்.

"எவ்வளவு? காசு அளவா, உள்ளங்கை அளவா?"

"உள்ளங்கை."

"கையைத் தலைக்குக் கீழ கொடு. இழுக்காதே. அவளை மூச்சை விடச் சொல்லு. ஃபூசி, கேக்குதாம்மா? வலி வரும்போது முக்கு."

"அக்கா, கழுத்துல கயிறு மாதிரி சுத்தியிருக்கு."

"அது தொப்புள்கொடி. விரலைக் கீழே விட்டு மெதுவா தலைக்கு மேல கழட்டு. அறுக்காதே. கழண்டுச்சா?"

"கழண்டுச்சு. ஐயோ, அக்கா, வந்துடுச்சு. வழுக்குது."

"துணியால பிடி. பிள்ளை அழுதுச்சா?"

"இல்லை. நீலமா இருக்கு."

இந்த இடத்தில் டெலேசியாவின் கால்கள் நின்றன. அட்டையில் அடுத்த வரி இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. "துண்டை எடுத்து முதுகைத் தேய். மண்ணு பிடிச்ச கிழங்கைத் தேய்ப்பியே, அப்படித் தேய். பயப்படாதே, உடையாது. உள்ளங்கால்ல சுண்டு. தேய். நிறுத்தாதே, தேய்."

சின்னதாக ஒரு பூனைச் சத்தம் வந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை ஊரைக் கூட்டியது.

தம்பி கத்தினான், அக்கா கத்தினாள். ஆனால் ஃபூசியின் குரல் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"இனோகே, ரத்தம் எவ்வளவு?"

"பாய் முழுக்க. நஞ்சுக்கொடியும் வந்துடுச்சு. அவ கண்ணை மூடுறா."

"தொப்புளுக்குக் கீழ கையை வெச்சு அமுக்கித் தேய். நல்லா அமுக்கு. வலிக்குதுன்னு சொன்னாலும் விடாதே. பிள்ளையை அவ மார்ல போடு. சட்டையைத் திற, மார்க்காம்பை வாயில வை, குடிக்கட்டும். அது குடிச்சா ரத்தம் குறையும். செஞ்சியா? செஞ்சேன்னு சொல்லு."

"செஞ்சேன்."

"தேய்க்கிறியா?"

"தேய்க்கிறேன் அக்கா."

பதினோரு நிமிஷம் அப்படியே போனது. தேய்க்கிறியா, தேய்க்கிறேன். குடிக்குதா, குடிக்குது. பாயில ரத்தம் பரவுதா, நின்ன மாதிரி இருக்கு. பிறகு வண்டிக் கதவு அடிபடும் சத்தம் கேட்டது. யாரோ போனை எடுத்து அணைத்தார்கள்.

தாயும் மகளும் பிழைத்தார்கள் என்பதை மதியம் பெட்டெலோ வந்துதான் சொன்னார். போன் பதிவைக் கேட்டுவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேலை உன்னுது" என்றார். அதற்குமேல் அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இனோகே வரவில்லை. பெயர் வைக்க அத்தையைக் கேட்க வேண்டும், முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும், அதுதான் முறை. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. டெலேசியா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தப்பாக எதுவும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் தம்பியைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றித் தம்பியைத் தொலைத்தேனா என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

இருபதாம் நாள் காலையில் எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றி, நல்ல சட்டை போட்டு வந்தான். பெரிய பன்றி ஒன்றை இறக்கி மரத்தில் கட்டினான். வாசலுக்கு வெளியே, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் உள்ளே, கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

பிறகு அவன் சாலையைப் பார்த்தே சொன்னான். "அக்கா, அன்னிக்கு எங்களுக்குப் பிள்ளை பொறந்தப்ப நீங்க வேலைக்கு வரலையாமே. வேற யாரோ ஒரு அம்மாதான் போன்ல சொல்லிக் கொடுத்தாங்க."

பதினோரு நிமிஷம் அந்த உயிரைப் பிடித்துவைத்திருந்தவள் அவள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். கொடுக்கவில்லை என்றால் தம்பி இல்லை.

"ஆமா" என்றாள். "அன்னிக்கு எனக்கு லீவு."

அவன் தோள்கள் இறங்கின. இருபது நாளாக விடாத மூச்சை விட்டான்.

"பிள்ளைக்கு நீங்கதான் பேர் வைக்கணும்."

"வைக்கிறேன்."

எழுந்து கிளம்பியவன் மரத்தடியில் நின்றான். இன்னும் திரும்பவில்லை.

"அந்த அம்மாவைப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க அக்கா. அவங்க சத்தம் போட்டுக்கிட்டே இருக்காட்டி நான் கையை எடுத்திருப்பேன். ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் டெலேசியா.