பெரிய சம்பளம் எனக்கு விழுந்த கதை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்த நர்ஸ். கூட வேலை பார்க்கும் அக்கா நிரந்தர நர்ஸ். இரண்டு பேரும் ஒரே பிரசவ அறையில், ஓடாத ஒரே ஃபேனுக்குக் கீழே வேர்த்துக் கொட்டுகிறோம். ஆனால் என் சம்பளம் அவர் சம்பளத்தில் பாதிகூட வராது. சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டு எங்கள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. எங்கள் நிலையத்தில் ஒப்பந்தக்காரி நான் ஒருத்திதான். வாசல் மரத்தடியில் ஒரு நாற்காலி, கோரிக்கை எழுதிய ஓர் அட்டை, நான். அவ்வளவுதான் போராட்டம்.

"ஸ்டிரைக்கு உள்ளதான நர்சம்மா? வெளிய சும்மாதான குந்தினு கீற, பிரஷர் பாரு" என்று ஒரு நிறைமாதக்காரி கையை நீட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பார்த்தேன். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியைவிட மரத்தடியில் கூட்டம் அதிகமாகிவிட்டது.

சர்க்கரை பார்க்க வந்த ஊர்த் தலைவர் அட்டையைப் படித்தார். "ஒரே வேல, ரெண்டு சம்பளமா? இத்த தீக்க இன்னாத்துக்கு வெயில்ல காயிற? சாய்ந்தரம் கூட்டத்துக்கு வா" என்றார்.

இங்கே ஏரியில் இறால் நிறைய விழும் இடமும் உண்டு, வலை காயும் இடமும் உண்டு. யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுத்து, முறை வைத்து மாறிக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டு விழுந்த பிறகு அண்ணன் தம்பிகூட எதிர்த்துப் பேசக்கூடாது. தலைவரின் தீர்ப்பு அதேதான்: பெரிய சம்பளம், சின்ன சம்பளம் என்று இரண்டு சீட்டு. மீன் சீசனுக்குச் சீசன் மாற்றி எடுக்க வேண்டியது.

என்னோடு பேச்சுவார்த்தை நடத்த வந்திருந்த அதிகாரியையும் இழுத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். "இதற்கெல்லாம் விதியில் இடமில்லை" என்றார் அவர்.

"ஏரிகூட எங்க்ளுது இல்ல சார், கவர்மென்ட்டுது. அதையே சண்ட இல்லாம பங்கு போட்டுத் துன்றோம். சம்பளமும் கவர்மென்ட்டுதுதான? உங்க்ளுக்கும் ஒரு சீட்டு போட்டுடட்டா?" என்றார் தலைவர்.

அவர் ஜீப்பில் ஏறிய வேகத்தை நான் எந்த அவசர நோயாளியிடமும் பார்த்ததில்லை.

அக்காவும் நானும் சீட்டு எடுத்தோம். பெரிய சம்பளம் எனக்கு விழுந்தது. ஊரே கை தட்டியது. அக்கா முகம் சுண்டிப்போய், "நெஜமாவே என் சம்பளத்தப் புடிச்சிடுவாங்களாடி?" என்று என் காதைக் கடித்தார்.

பரிசீலிப்பதாக மேலிடம் சொன்னதை நம்பிச் சங்கம் போராட்டத்தை முடித்துக்கொண்டது. மாத முடிவில் வங்கியில் பழைய சம்பளமே வந்தது. ஆனால் ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவர்கள் சீட்டுப்படி நான் பணக்காரி. நண்டு விற்கிற அம்மாவிடம் பேரம் பேசினால், "பெரிய சம்பளம் வாங்கினு பேரம் பண்றியே, மனசாட்சி கீதா?" என்று சண்டைக்கு வந்தார். கோயில் திருவிழாவுக்கும் மாதா தேருக்கும் என்னிடம் டபுள் வசூல். என் பாஸ்புக்கைக் காட்டினேன். "பேங்க்காரன் தப்பா போட்டுருப்பான், போய்க் கேளு" என்றார் தலைவர்.

அக்காவைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டியது. பாவம், சின்ன சம்பளம். தினமும் யாராவது ஒரு கூறு இறாலை இலவசமாகக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அக்கா டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். இறால் தொக்கு, சரிபாதி. "எனக்குத் தர்றது உனக்குச் சேர வேண்டியதுடி. துன்னு" என்றார். மறுநாளும் பாதி வந்தது. அப்புறம் தினமும் வந்தது. இத்தனை போராட்டத்தில் எனக்குச் சமமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த சீசன் வந்தது. தலைவர் மறுபடி சீட்டைக் குலுக்கினார். சம்பளம் உயரவேண்டும் என்று வெயிலில் காய்ந்தவள் நான், பெரிய சம்பளம் மட்டும் எனக்கு விழுந்துவிடக்கூடாது என்று மாதாவையும் அம்மனையும் சேர்த்து வேண்டிக்கொண்டு கையை விட்டேன்.

எனக்கேதான் விழுந்தது. ஊர் கை தட்டியது. அக்கா மட்டும் தட்டவில்லை. "நாளைக்கு இன்னும் பெரிய டப்பா எடுத்தாறேன்" என்றார்.