டிவியில் நின்றுபோன என் கல்யாணம்

இந்த ஜெர்மன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. வந்து நான்கு வருடமாகியும் எனக்கு அந்த அமைதி பழகவில்லை. அப்படியொரு ஞாயிறு காலையில்தான் சமையலறையில் நின்று போனில், "ம்மா, அதை அமுக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்நேரம் பென்னாகரத்தில் எங்கள் வீட்டில், என் கல்யாணத்தைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் முப்பது பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊர்க்காரன் யோனாஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் அப்பா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. மனசு இறங்கி, வருகிறேன் என்றபோது விசா கிடைக்கவில்லை. பெற்றவர்கள் இல்லாமலே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். "வீடியோவை அனுப்பு பாப்பா. நம்ம சனத்தை வூட்டுக்குக் கூப்புட்டுக் காட்டறேன்" என்றார் அப்பா. ஊரறிய அவர் என் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளும் நாள் அது.

போனமுறை ஊருக்குப் போனபோது டிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வந்திருந்தேன். படமும் சீரியலும் அதிலிருந்துதான் டிவிக்கு வரும். இங்கிருந்தபடியே நான் ஏற்றலாம், அழிக்கலாம். கல்யாண வீடியோவுக்கு இடம் போதாமல், முந்தின நாள் அம்மாவின் சீரியல்களை அழித்தேன். அதுதான் வினையாகிவிட்டது. டிவியைப் போட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது, அப்படியே உறைந்து நிற்கிறது. அணைத்துப் போட்டாலும் அதே கதை.

போனில் பெரியத்தையின் குரல் கேட்டது. "கல்யாணம் நெசமாவே நடந்துச்சா?"

அப்பா போனை வாங்கினார். "வுட்டுரு பாப்பா. வந்தவங்களைச் சாப்பிட உக்காரச் சொல்லிடறேன்." அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது கதவு மணி அடித்தது. என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஹில்டா வந்திருந்தார். பதறிப்போய் ஜெர்மனில், "என் கல்யாணம் நின்றுபோய்விட்டது" என்றேன். வீடியோ என்ற சொல் வாயில் வரவில்லை. அவர் என்னை இறுகக் கட்டிக்கொண்டார். ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறி வந்த யோனாஸை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

ஹில்டாவின் தோளில் சாய்ந்திருந்த அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. சீரியல் போய்விட்டது, கம்ப்யூட்டரின் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. அம்மா பார்த்துப் பாதியில் விட்ட இடத்தை டிவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. பட்டியலை இங்கிருந்தே சுத்தம் செய்தேன். டிவியின் ஞாபகத்தை அங்கேதான் துடைக்க வேண்டும்.

"ம்மா, ரிமோட்டை எடு. செட்டிங்ஸுக்குப் போ."

எட்டாவது வரை படித்த அம்மா எழுத்தெழுத்தாக வாசித்தாள். "சி, எல், இ, ஏ, ஆர். இதுதானா பாரு."

"அதேதான். அமுக்கு."

"உன் கல்யாணம் அழிஞ்சிடாதே?"

"அழியாதும்மா."

ரிமோட் பொத்தான் டக்கென்று அமுங்கியது கேட்டது. பிறகு முப்பது பேரின் கூச்சல். "வந்துடுச்சு! நான்தான் சரி பண்ணேன்!" என்று அம்மா எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.

வீடியோ காலுக்கு மாறிப் பார்த்தேன். டிவிக்குள் யோனாஸ் எனக்கு மோதிரம் போடுகிறான். அப்பா எழுந்து, தட்டிலிருந்த மஞ்சளரிசியை அள்ளித் திரைமேல் தூவினார். பெரியத்தையும் தூவினாள். அரிசி கண்ணாடியில் பட்டுத் தரையில் சிதறியது. இங்கே சமையலறையில், இரவு உடையில், நானும் யோனாஸும் போனுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றோம்.