கன்ட்ரோலருக்குப் போட்ட கட்டு

எங்கள் தெருவில் அவனுக்குத் 'தொட்டுப்பார்' என்றுதான் பெயர். சைக்கிளுக்கு மோட்டார் மாட்டித் தருகிற கடை அவனுடையது. பக்கத்துக் கடையில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவள் நான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் யாரையாவது திட்டினால் அவனுக்குக் கேட்கும். "உங்க வாய்க்குத் தகரம் பத்தாதுக்கா, செவுரு கட்டணும்" என்பான்.

எவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் புறங்கையைக் கொண்டுபோய் கன்ட்ரோலர் மேல் வைப்பான். வைத்துவிட்டு, "நீங்களும் தொட்டுப் பாருங்க" என்பான். அதில் வந்த பெயர். கன்ட்ரோலர் என்பது ஒரு அலுமினியப் பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. பேட்டரிக்கும் சக்கரத்து மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கைப்பிடியை முறுக்குகிற அளவுக்கு மின்சாரத்தை அளந்து விடும். விடும்போது சுடும். மேடு ஏறினால் இன்னும் சுடும். அந்தச் சூடு வெளியே போகாவிட்டால் உள்ளே இருக்கிற மின்சாரச் சில்லுகள் வெந்துவிடும்.

வருகிறவர்களுக்கோ அந்தப் பெட்டி கண்ணில் படவே கூடாது. சீட்டுக்கடியில் தள்ளு, பைக்குள் போடு, சுற்றிலும் ஸ்பாஞ்சு வை, வண்டி அழகாக இருக்க வேண்டும். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். "அதுக்கு மூச்சு முட்டுங்க. உங்க மூக்குல பஞ்ச அடைச்சுட்டு மாடி ஏறச் சொன்னா ஏறுவீங்களா?" என்பான். பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி போட்ட பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். அவன் போக விட்டுவிடுவான். பிழைக்கத் தெரியாதவன் என்று நானே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

அவன் மாட்டுகிற விதமே தனி. பிரேமின் கீழ்க்குழாயில், ஓடும்போது காற்று மோதுகிற இடத்தில், ஒரு அலுமினியத் தகட்டை அரத்தால் ராவிச் சமமாக்கி இறுக்குவான். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையை மெலிசாகத் தடவுவான். தடிமனாக அப்பினால் சூடு தாண்டாது என்பான். பெட்டியின் முதுகில் புடைத்து இருக்கிற வரிகள் காற்று போகிற திசையில் இருக்க வேண்டும். வயர்கள் கீழே ஒரு வளைவு இறங்கி அப்புறம்தான் மேலே ஏறும். மழை பெய்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும், பெட்டிக்குள் போகாது. "இவ்வளவு பாத்துப் பாத்து மாட்டறியே, இதுல பாதி ஒரு பொண்ணப் பாத்திருந்தா இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும்" என்பேன். சிரிப்பான். தங்கைக்கு முடித்துவிட்டேனே, போதாதா என்பான்.

அந்தத் தங்கைதான் அவனுக்கு எல்லாம். பெற்றவர்கள் போனபோது அவனுக்கே மீசை முளைக்கவில்லை. மின்விசிறிக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பட்டறையில் நின்று அவளை வளர்த்து ஆளாக்கினான். கட்டிக் கொடுத்த பிறகும் அவள் தூரப் போகவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒன்றில் அவன், ஒன்றில் அவளும் அவள் வீட்டுக்காரரும். மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு.

வீட்டுக்காரர் பார்சல் கிடங்கு ஒன்றில் வாசல் காவல். பேச்சு வராது. பெண்டாட்டி மேல் உயிர், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. எதையாவது கட்டிவைப்பதுதான் அவருக்குத் தெரிந்த பிரியம். அவள் குடையின் பிடி ஆடினால் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டுவார். சாப்பாட்டுத் தூக்கின் மூடி, அடுப்புக் குழாய், துணிக் கொடி எல்லாவற்றிலும் அவர் கட்டு இருக்கும். இரண்டு சுற்று, நடுவில் ஒரு முடிச்சு, மிச்ச வாலை உள்ளே செருகிவிடுவார். "விட்டா என்னையும் கட்டிலோட சேத்துக் கட்டிருவாருக்கா" என்று அவள் சொன்னபோது நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவள் முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும், பாலமோ நல்ல மேடு. நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்ட முழங்கால்கள் மிதிக்க மறுத்தபோது, அண்ணன் அவள் சைக்கிளுக்கே மோட்டார் மாட்டினான். பாலம் ஏறி இறங்கி வந்ததும் புறங்கையை வைத்துப் பார்ப்பான். கை பொறுத்தது. அவளும் வைத்துப் பார்த்து, "டீ கிளாஸ் அளவுக்குக்கூட சுடலண்ணா" என்றாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் வண்டி பாலத்து மேல் நின்றுவிட்டது. நனைந்துகொண்டே தள்ளி வந்து காய்ச்சலில் படுத்தாள். கோளாறு கன்ட்ரோலரில் இல்லை, பேட்டரிப் பக்கத்து இணைப்பு ஒன்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. அவன் அதைத் துடைத்துக் கிரீஸ் வைத்து மூடினான். "இனிமே நிக்காது மாப்பிள்ளை" என்றான். மாப்பிள்ளை தலையாட்டினார். ஆனால் மனசு ஆறவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி ஆறும்?

காய்ச்சல் விட்டு அவள் வேலைக்குக் கிளம்புகிற சமயம் தொட்டுப்பார் சாமான் வாங்க வெளியூர் போயிருந்தான். மாப்பிள்ளை கிடங்கிலிருந்து கெட்டியான பாலித்தீன் கொண்டுவந்து, கன்ட்ரோலரைச் சுற்றி, வயர் நுழைகிற வாய்வரை மூடி, ட்யூப் நாடாவால் கட்டினார். ஒரு பொட்டுக் காற்றுக்கு வழியில்லை. மழை அடித்த நாட்களில் வண்டி ஓடியது, மேலே விழுந்த தண்ணீரே சூட்டைத் தணித்து அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்புறம் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தொட்டுப்பார் இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை.

வெயில் அடித்த இரண்டாம் நாள் வேலை முடிந்து வரும்போது, பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்குகையில் பின் சக்கரம் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. சில்லு வெந்து உள்ளுக்குள் ஒட்டிவிட்டால் மோட்டாரே பிரேக் ஆகிவிடும். பின்னால் லாரி. அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பிப் போனாள். அவள் கையால் இஸ்திரி போட்ட போர்வையைத்தான் அவள் மேல் போர்த்தினார்கள் என்று சலவைக்கூடத்துப் பெண்கள் சொல்லி அழுதார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். தொட்டுப்பார் கடைக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினான். வெகுநேரம் சத்தமே இல்லை. பயந்துபோய் நான் உள்ளே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் கன்ட்ரோலர். பாலித்தீன் உருகி அதன் வரிகளுக்குள் படிந்து கறுத்திருந்தது. ட்யூப் நாடா மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, இந்த முடிச்சப் பாருங்க" என்றான்.

வால் உள்ளே செருகியிருந்தது. அவள் குடைப்பிடியில் பார்த்த அதே கட்டு.

"அவருகிட்ட சொல்லாதீங்க. சத்தியமா சொல்லாதீங்க. அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

தெரு சும்மா இருக்குமா? தங்கச்சியையே கொன்னவன் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறைந்திருந்த அறையில், எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஒரு சொட்டுத் தண்ணி போகாம கட்டி வெச்சேனே மச்சான்! இந்தக் கையாலதான் கட்டுனேன். அப்புறமும் எப்படி மச்சான் வண்டி பிடிச்சுது?"

என் நாக்கு துடித்தது. தொட்டுப்பார் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"என் தப்புதான் மாப்பிள்ளை. மட்டமான பெட்டி. எங்கயோ தண்ணி உள்ள போயிருச்சு."

மாப்பிள்ளை அவனைக் காறித் துப்பவில்லை, அடிக்கவில்லை. "அப்ப நான் இன்னும் ஒரு சுத்து சுத்தியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரே அடுப்பில் சமைத்ததைத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். கடைக்கு ஆள் வருவது நின்றது. அவன் உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

ஒரு நாள் பார்சல் கொடுக்கிற ஆள் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டதாம், நல்லவேளை பின்னால் யாரும் வரவில்லையாம். தொட்டுப்பார் வழக்கம்போல் கையை நீட்டினான். பாதியில் கை நின்றுவிட்டது. கன்ட்ரோலர் மேல் இரண்டு மடிப்புப் பாலித்தீன், மேலே ட்யூப் நாடா, வால் உள்ளே.

"இத யாரு கட்டுனது?"

"கிடங்கு வாசல்ல நிப்பாரே, அவருதாங்க. பாவம், அவரு சம்சாரம் வண்டில தண்ணி பூந்துதான் போய்ட்டாங்களாம். இப்ப எங்க எல்லாருக்கும் சும்மாவே கட்டித் தராரு. வேணாம்னாலும் விட மாட்டேங்கறாரு."

அந்த ஆள் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் என் வாய்க்கு நானே பூட்டுப் போடவில்லை.

"தண்ணி போச்சுன்னு நீதானே சொன்ன? நல்லா இருக்குடா உன் பெரிய மனசு! இன்னும் எத்தனை வீட்டுல எழவு விழணும்? நீ சொல்றியா, நான் போய் சொல்லட்டுமா?"

"சொன்னா அவரு செத்துருவாருக்கா."

"சொல்லலன்னா எவனோ ஒருத்தன் சாவான். அவனுக்கும் தங்கச்சி இருப்பா."

முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். எழுந்து கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன். அவனைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது.

கிடங்கு ஸ்டாண்டில் வரிசையாக வண்டிகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் கட்டு. மாப்பிள்ளை குத்துக்காலிட்டு ஒன்றுக்கு நாடா இறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ஒருவன் வெயிலில் மேடேறி வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். தொட்டுப்பார் அந்த வண்டியிடம் போய் உட்கார்ந்தான். நாடாவை அறுக்காமல் பாலித்தீனை மட்டும் நீளவாக்கில் கத்தரித்து விலக்கினான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இங்க வாங்க. தொட்டுப் பாருங்க."

அவர் வந்தார். கையை வைத்தார். சுரீரென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கத்தரித்த பாலித்தீனைப் பார்த்தார். மனுஷனுக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது, என்னால் பார்க்க முடியவில்லை.

"அவ வண்டியும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா மாப்பிள்ளை."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னைக்கே."

அவர் கத்தரித்த பாலித்தீனின் விளிம்பை விரலால் நீவினார். பிறகு, யாரிடமோ கணக்கொப்பிப்பதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"சுடுதுன்னு சொன்னா மச்சான். முந்தின நாள் வரும்போது காலுக்குப் பக்கத்துல சுட்டுச்சுன்னு அன்னைக்குக் காலைல கிளம்பறப்ப சொன்னா. நேத்து வெயிலு அப்படின்னு நான்தான் சொன்னேன். சரின்னு ஏறிப் போய்ட்டா."

சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியின் மேல் கையை வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். "மாப்பிள்ளை, கைய எடுங்க" என்று தொட்டுப்பார் கெஞ்சினான், அப்புறம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பிரித்தான். உள்ளங்கையில் வரிவரியாகத் தோல் வெந்திருந்தது. அந்தக் கையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தொட்டுப்பார் அழுதான். தங்கை போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, வரிசையில் முதல் வண்டியிடம் போனார். தொட்டுப்பார் கத்தரிக்கோலை நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செருகியிருந்த வாலை நகத்தால் இழுத்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். அப்புறம் அடுத்த வண்டி. வெந்த கைக்கு முடிச்சு ஒவ்வொன்றும் அவ்வளவு இறுக்கம். கடைசி வண்டி வரைக்கும் அவரே அவிழ்த்தார், நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.