நல்ல காலை ஏன் அறுத்தீர்கள்?

எங்கள் ஊரான கிள்ளையில் மீன் விற்பவள் நான். என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு கெட்டு, ரத்தக்குழாயிலும் அடைப்பு. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் விளக்கியபோது, பயத்தில் என் காதில் எதுவும் ஏறவில்லை.

வார்டுக்கு மாற்றியதும் ஓடினேன். அவர் காலில் நீளக் கட்டு!

"நெஞ்சுலதான கோளாறு? நல்லா இருந்த காலை ஏன் அறுத்தீங்க?" என்று நர்ஸிடம் கத்தினேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து, புடவையைச் சற்றே தூக்கினார். காலில் நீளத் தழும்பு.

"அடைப்பைத் தாண்டி ரத்தம் போவ, கால்லேருந்துதான் ரத்த நரம்பு எடுத்து வச்சித் தைப்பாங்க. எனக்கும் எடுத்தாங்க. நான் வேலை செய்யலியா?"

நர்ஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். வராந்தாவில் ஒரு பெண் அதையே கேட்டு அழுதாள். நான் வாய் திறப்பதற்குள், என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி அவளிடம் போய்க்கொண்டிருந்தார்.