புட்டுக்குள் போன வழுக்கல்

1991 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. வெம்பிளியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா ஃப்ரீசரைத் திறந்தார்.

நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன்? பரீட்சை முடிந்த பின்னும் பழக்கம் விடாமல், அதே மேசையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே மணிக்கூடு. அதற்குக் கீழே ஃப்ரீசர். கண்ணெதிரே நடந்தது, ஆனாலும் நான் கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வந்து பார். இந்தத் தேங்காய்ப்பூ ஏன் இப்பிடித் தண்ணி விடுது? புட்டு ஒட்டிக்கொண்டு குழலை விட்டு வருகுதில்லை."

போய்ப் பார்த்தேன். புட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, நாடா போல, ஏதோ நெளிந்து கிடந்தது. குப்பைக் கூடையில் வெறும் பைகள் இரண்டு. ஒன்றை எடுத்து எழுத்தை வாசித்தேன்.

"அம்மா... இது தேங்காய்ப்பூ இல்லை. நெனிதா அக்கான்ரை இளநி வழுக்கல்."

நெனிதாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் தாதி. லண்டனுக்கு வந்தபோது அவருடைய மகள் ரினாவுக்கு இரண்டு வயது. தமக்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார். இப்போது ரினாவுக்கு ஒன்பது. இடையில் தொலைபேசி மட்டும்தான். அதிலும் அந்தப் பிள்ளை "நல்லாயிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுமாம். அந்தப் பெரியம்மாவைத்தான் அது அம்மா என்று கூப்பிடுகிறது. நெனிதாவை எந்தப் பெயரிலும் கூப்பிடுவதில்லை.

ஒரே ஒருமுறை மட்டும் அது கொஞ்சம் கூடப் பேசியிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் இளநீர்ப் பானத்தைப் பற்றி. இளநீருக்குள், இளந்தேங்காயின் மெல்லிய சதையைக் கீற்றுக் கீற்றாகச் சீவிய வழுக்கல், பால், சீனி, ஐஸ். பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஸ்ட்ரோ போட்டுக் கொடுப்பார்களாம். அவர்கள் ஊரில் அதன் பெயர் 'புகோ ஜூஸ்'; புகோ என்றால் இளந்தேங்காய்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, நெனிதா பிலிப்பைன்ஸ் கடை ஒன்றைத் தேடிப் போய் உறைந்த வழுக்கல் வாங்கி வந்து, தன் அறையில் ஃப்ரீசர் இல்லாததால் எங்களுடையதில் வைத்திருந்தார். ரினா இன்று மாலை ஹீத்ரோவில் வந்து இறங்குகிறாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கையில் அந்தப் பானம் ஒரு குவளை இருக்க வேண்டும். "மற்றதெல்லாம் பிறகு," என்று நெனிதா என்னிடம் சொல்லியிருந்தார். "என்னைத் தெரியாவிட்டாலும் அதைத் தெரியுமே."

அதைத்தான் அம்மா அரிசிமாவோடு சேர்த்து அவித்திருந்தார்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியுமா? ஃப்ரீசரில் வெள்ளையாக, தேங்காய்ப் படம் போட்டு ஒரு பை இருந்தால், யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அது துருவிய தேங்காய்ப்பூதான். அதுவும் வெள்ளிக்கிழமை. மரக்கறிச் சமையல். புட்டும் சொதியும் என்று கை தானாகவே போகும். எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

அந்தப் பிலிப்பைன்ஸ் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைசி இரண்டு பைகளை ஒரு தாதி வாங்கிப் போய்விட்டாராம். இனி நாளைக் காலைதான் வருமாம்.

நெனிதா காலை ஷிப்ட் முடித்து நேரே விமான நிலையம் போகிறார். சொல்வதற்கும் வழியில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏழு வருசத்துக்குப் பிறகு தாயிட்டை வாற பிள்ளை. அதின்ரை சாமானை நான் புட்டாக்கிப் போட்டன்."

"வேணுமெண்டே செய்தனீங்கள்?"

"வேணுமெண்டு செய்தால் என்ன, செய்யாட்டில் என்ன? எழும்பு. காலிலை சப்பாத்தைப் போடு."

கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். இருந்தவை எல்லாம் முற்றிய தேங்காய்கள். அம்மா ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினார். குஜராத்திக் கடைக்காரர் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. கனத்தவையாகப் பார்த்து ஆறு எடுத்தார்.

திரும்பி வந்தபோது, காலை ஷிப்ட் முடித்து வந்த அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் "புட்டு தொண்டையிலை நிக்குது" என்று சொல்பவர்.

"இண்டைக்குப் புட்டு பஞ்சு மாதிரி இருக்கு. என்ன போட்டனீர்?"

அம்மா பார்த்த பார்வையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

தேங்காயை உடைத்துத் தண்ணீரை வடித்தோம். உள்பக்கத்தை மட்டும், முற்றிய பகுதி வராதபடி, கத்தி நுனியால் மெல்லிய சுருளாகச் சீவினோம். சுடுநீரில் ஊறப்போட்டால் மெதுவாகும் என்றார் அம்மா. ஆனது... ஓரளவுக்கு. நான் பாலை எடுத்தபோது அவருக்கு மனம் வரவில்லை.

"இளநிக்குள்ளை பாலோ? உலகத்திலை ஆரும் செய்வினமோ? வயித்தைக் கலக்கும்."

"ஒரு நாட்டுச் சனம் முழுக்கக் குடிக்குது அம்மா."

"அப்ப விடு. உன்ரை பொறுப்பு."

ஆறரைக்குக் கதவு திறந்தது. இன்னும் நல்ல வெயில். ஆனாலும் ரினா ஒரு தடித்த குளிர்ச் சட்டைக்குள் இருந்தாள். நெனிதா அதைக் கழற்ற உதவினார். பிள்ளை தெளிவான ஆங்கிலத்தில் சொன்னது:

"தாங்க் யூ, மேம்."

தன் தாயிடம்!

நெனிதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அம்மாதான் முன்னுக்குப் போனார். தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "நெனிதா, ஐ குக் யுவர் கோக்கனட். சாரி. வெரி சாரி," என்றார். நான் விளக்கினேன். நெனிதா புட்டுப் பாத்திரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா, அழுதாரா? இரண்டும் கொஞ்சம்.

அம்மா குவளையைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"தாங்க் யூ, மேம்." ஒரு வாய் குடித்தாள். குவளையைக் கீழே வைத்தாள். எங்களைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

திரும்பியவள் தன் மொழியில் பொரிந்து தள்ளினாள்! விரல் குவளையைக் காட்டியது, நெற்றி சுருங்கியது, மூக்கு சுளித்தது. நெனிதா ஏதோ மெல்லச் சொல்ல, அதற்கும் ஒரு பதில். அதற்கு மேலும் ஒரு பதில்.

அம்மா என் காதோடு கேட்டார். "என்னவாம்?"

நெனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். "இது புகோ இல்லையாம். கிழட்டுத் தேங்காயாம். மென்றால் பிளாஸ்டிக் மாதிரி இருக்காம். ஆர் உப்புப் போட்டது எண்டு கேக்கிறாள்."

"நான்தான். இளநிக்கு ஒரு சொட்டு உப்புப் போட்டால்தானே..." என்று தொடங்கிய அம்மா நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "எடியே, தாயை ஏசிப் பேசுறாளோ? நல்லாப் பேசட்டும்!"

அதற்குள் ரினா தாயின் சட்டைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டாள். இன்னும் சீனி வேண்டும், இன்னும் ஐஸ் வேண்டும், ஸ்ட்ரோ எங்கே? நெனிதா ஒவ்வோர் அலுமாரியாகத் திறந்து தேடினார். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அம்மா ஏன் அப்படி மகிழ்ந்தார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா எங்களுக்கு முன்பே லண்டன் வந்தவர். நான் வந்தபோது எனக்கு எட்டு வயது. விமான நிலையத்தில் அவரைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிறகு பல மாதம் அப்பாவுக்கு நான் "தாங்க் யூ" சொல்லும் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஒருநாள் காலை, என் சப்பாத்துக் கயிற்றை அவர் இறுக்கிக் கட்டிவிட்டார் என்று சீறினேன். அப்பா அம்மாவிடம் ஓடிப்போய், "கேட்டனீரே, என்னைப் பேசிப்போட்டாள்!" என்றாராம். பரிசு கிடைத்தவர் போல.

அந்நியர் தருவதை நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறோம். உப்புக் கூடிவிட்டது என்று சொல்ல, நம்மவர் ஒருவர் வேண்டியிருக்கிறது, இல்லையா?

மறுநாள் காலை அந்தப் பிலிப்பைன்ஸ் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். மூன்று பைகள் வாங்கிவந்து, ஃப்ரீசரில் வைப்பதற்கு முன், இரண்டின் மேல் தடித்த பேனாவால் பெரிதாக எழுதினேன்: 'புட்டுக்கு அல்ல.'

மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை. அப்பாவுக்கு அந்தப் புட்டுப் பிடித்திருந்தது.